கிளினிக் கொப்பியும் பிளொக்செயினும்

வடமராட்சியில் ஒருவரின் மருத்துவப் பதிவு ஓரிடத்தில் இருப்பதில்லை. கரவெட்டியிலிருந்து சலரோக கிளினிக்குக்கு மந்திகை ஆதார வைத்தியசாலைக்குப் போகிறவர், இருதய கிளினிக்குக்கு முப்பது கிலோமீற்றர் அளவு பஸ்ஸில் ஓடி யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலைக்குப் போகிறார். புற்றுநோய்ச் சந்தேகம் என்றால் தெல்லிப்பழை. கண்ணுக்கு நகரத்துத் தனியார் மருத்துவமனை, மூட்டு நோவுக்கு ஊர்ச் சித்த வைத்தியர். ஆள் இத்தனை இடமும் போய் வருகிறார், பதிவு போவதில்லை. ஒவ்வொரு இடத்திலும் கதை முதலிலிருந்து சொல்லப்படுகிறது. ஒரே கிழமைக்குள் ஒரே இரத்தப் பரிசோதனை இரண்டு இடத்தில் எடுக்கப்படுவதும் உண்டு.

இந்த இடைவெளியை இன்று நிரப்புவது கிளினிக் கொப்பி. பள்ளிக்கூடப் பிள்ளைகள் எழுதும் அதே கொப்பிதான். முன் அட்டையில் பெயர், கிளினிக் இலக்கம், ஒவ்வாத மருந்து இருந்தால் சிவப்பு மையில் அது. உள்ளே மாதத்துக்கு ஒரு பதிவு: திகதி, பிரஷர், சுகர், மருந்தின் பெயரும் அளவும், கீழே டொக்டரின் கிறுக்கெழுத்து. ஸ்கான் படங்களோடு சேர்த்துச் சொப்பிங் பையில் சுற்றி அலுமாரிக்கு மேல் வைக்கப்படும். பிள்ளைக்கென்று சுகாதார வளர்ச்சிப் பதிவேடும் கர்ப்பவதிக்கென்று தனி அட்டையும் இதே வழியில் வீட்டிலேயே இருக்கின்றன. நோயாளியே தன் பதிவின் சொந்தக்காரர் என்று பிளொக்செயின் நிறுவனங்கள் புதிதாகக் கண்டுபிடித்ததுபோலச் சொல்லும் கொள்கை, இந்தக் கொப்பியில் எப்போதோ நடைமுறைக்கு வந்துவிட்டது. அதன் குறை வேறு. கொப்பிக்குப் பிரதி இல்லை. 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் வெறுமையாகிச் சனம் தென்மராட்சிக்கும் வடமராட்சிக்கும் வந்து சேர்ந்தது போன்ற இடப்பெயர்வுகளில் உயிரும் உடுப்பும்தான் வரும், கொப்பி வராது. கொப்பி தொலைந்தவர் குளிசையின் நிறத்தைச் சொல்லித்தான் மருந்து கேட்பார். மஞ்சள் குளிசை என்ற விபரத்தை வைத்து எந்த டொக்டரும் சிகிச்சையைத் தொடர முடியாது.

வைத்தியசாலைக்குள் இருக்கும் பதிவு பி.எச்.ரி. எனப்படும் கட்டில்தலைச் சீட்டு. விடுதியில் நின்றவர் வீட்டுக்குப் போனபின் அது பதிவறைக்கு வந்து இலக்க வரிசையில் அடுக்கப்படுகிறது. வெட்டுக்காயம், வீதி விபத்து, நஞ்சு குடித்தது, பிரசவத்தில் நேர்ந்த மரணம் என்று வழக்கு எழும்போது நீதிமன்றம் கேட்பது இதைத்தான். பதிவறையில் வேலை பழகுகிறவருக்கு முதலில் சொல்லிக்கொடுக்கப்படும் விதி, எழுதியதை அழிக்கக்கூடாது என்பது. பிழையான வரியின் மேல் ஒரே ஒரு கோடு. பக்கத்தில் சரியான வரி. கையொப்பம், திகதி, நேரம். கோட்டுக்குக் கீழே பழைய எழுத்து வாசிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். வெள்ளை மை பூசிய பக்கத்தைக் கண்டால் எந்தச் சட்டத்தரணியும் அந்த இடத்திலேயே பிடித்துக்கொள்வார். பிளொக்செயின் என்பது இந்த விதியைக் கணிதத்தால் கட்டாயமாக்கும் முறை. அதற்கு மேல் அதில் மந்திரம் ஒன்றும் இல்லை.

அதன் அடிக்கல் ஹாஷ். எவ்வளவு நீளமான எழுத்தையும் ஒரு கணிதச் செயலுக்குள் போட்டால் குறித்த நீளத்தில் ஒரு குறி வெளியே வரும். பரவலாகப் பாவிக்கப்படும் எஸ்.எச்.ஏ.-256 முறையில் அது 256 பிட். எழுதிக்காட்டினால் 64 எழுத்து. சுகர் அளவு 142 என்றிருந்ததை 124 என்று மாற்றினால் குறி அடையாளமே தெரியாமல் மாறிவிடும். குறியைப் பின்னோக்கிக் கணித்து மூல எழுத்தை எடுக்கவும் வழியில்லை. பதிவுகள் தொகுதி தொகுதியாகச் சேர்க்கப்படுகின்றன. ஒவ்வொரு தொகுதியும் தனக்கு முந்திய தொகுதியின் ஹாஷைத் தன்னுள் வைத்திருக்கும். ஆகவே பழைய தொகுதி ஒன்றில் கைவைத்தால் அதற்குப் பின் வந்த எதுவும் பொருந்தாது. முழுச் சங்கிலியையும் புதிதாகக் கட்டி ஏமாற்றலாமே என்றால், அதன் பிரதிகள் ஒருவரையொருவர் முழுதாக நம்பாத பல நிறுவனங்களின் கையில் இருக்கின்றன.

இந்த எண்ணம் பிற்கொயினோடு பிறந்ததல்ல. இலத்திரனியல் ஆவணத்துக்கு நேரமுத்திரை இடுவது எப்படி என்று ஸ்ருவர்ட் ஹேபர், ஸ்கொட் ஸ்ரோர்னெற்றா இருவரும் 1991இல் எழுதிய ஆய்வுக்கட்டுரையில் சங்கிலி ஏற்கனவே இருக்கிறது. அவர்கள் 1995 முதல் தங்கள் ஹாஷை நியூயோர்க் ரைம்ஸ் பத்திரிகையின் சிறுவிளம்பரப் பகுதியில் கிழமைதோறும் அச்சிடச் செய்தார்கள். அத்தனை வீடுகளுக்குப் போய்விட்ட பத்திரிகையை எவர் திருப்பி எடுத்துத் திருத்துவது? 2008இல் சதோஷி நகமோட்டோ என்ற புனைபெயரில் வந்த கட்டுரை அதைப் பணத்துக்குப் பயன்படுத்தியது. மருத்துவத்துக்குப் பொருந்துவது பணத்தின் கதையல்ல, அந்த விளம்பரத்தின் கதை.

மருத்துவப் பதிவையே சங்கிலியில் ஏற்றுவது என்பது இந்தத் துறையில் புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் முதலில் போடும் திட்டம். அது சரிவராது. ஒரு சி.ரி. ஸ்கானின் ஒற்றைப் படலம் 512க்கு 512 புள்ளிகள், புள்ளிக்கு இரண்டு பைற் என்றால் அரை மெகாபைற். 400 படலம் உள்ள ஸ்கான் 200 மெகாபைற். பிற்கொயின் சங்கிலி பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை ஏற்றுவதற்குப் பல வருடங்களாக வைத்திருந்த எல்லையே ஒரு மெகாபைற்தான். கொள்ளளவைவிடப் பெரிய காரணம், ஏற்றியதை இறக்க முடியாது என்பது. இன்று உடைக்க முடியாத மறையாக்கம் இருபது வருடத்தில் உடையலாம். எய்ட்ஸ் பரிசோதனை முடிவு ஒன்று இருபது வருடத்துக்குப் பிறகும் அந்தக் குடும்பத்துக்குச் செய்திதான். ஆகவே நிலையான ஒழுங்கு இது: பதிவு எழுதப்பட்ட வைத்தியசாலையின் சேவையகத்திலேயே மறையாக்கப்பட்டு இருக்கும், சங்கிலியில் அதன் ஹாஷ், அது இருக்கும் இடத்தின் குறிப்பு, யாருக்குப் பார்க்க அனுமதி, யார் எப்போது திறந்தார் ஆகியவை மட்டும் இருக்கும். அமெரிக்காவில் எம்.ஐ.ரி. ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட மெட்ரெக் என்ற மாதிரியமைப்பு இந்த வழியில் செய்யப்பட்டது.

நாட்டளவில் உழைக்கும் உதாரணம் எஸ்தோனியா. 13 இலட்சம் சனம் உள்ள அந்த நாட்டின் சுகாதாரத் தகவல் அமைப்பு 2008இல் தொடங்கியது. 2007இல் பெரிய இணையத் தாக்குதல் ஒன்றைக் கண்ட நாடு என்பதால் பதிவுகள் உள்ளிருந்தே மாற்றப்படலாம் என்ற பயம் அங்கே ஏட்டுச் சுரைக்காயாக இருக்கவில்லை. 2016இல் கார்ட்ரைம் என்ற நிறுவனத்தின் ஹாஷ் சங்கிலி, பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோரின் மருத்துவப் பதிவுகளுக்குக் காவலாகச் சேர்க்கப்பட்டது. பதிவுகள் சங்கிலியில் இல்லை. அவற்றின் ஹாஷ்தான் அங்கே இருக்கிறது. நோயாளி இணையத்தில் நுழைந்தால் தன் பதிவை யார் யார் திறந்தார்கள் என்று பார்க்கலாம். காரணமின்றித் திறந்தவர் பதில் சொல்ல வேண்டும்.

கரவெட்டிக்கு இதில் எடுத்துக்கொள்ள வேண்டிய பகுதி, யார் திறந்தார்கள் என்று காட்டும் அந்தப் பட்டியல்தான். நகரத்து மனிதர் தன் மருத்துவப் பதிவைக் காக்க நினைப்பது முகந்தெரியாத திருடனிடமிருந்து. ஊர் மனிதர் காக்க நினைப்பது அயலிடமிருந்து. மனநல கிளினிக்குக்குப் போனது, காசநோய்க்கு மருந்து எடுத்தது, ஒரு கருச்சிதைவு, ஒருநாள் இரவு பூச்சிமருந்து குடித்தது: கலியாணப் பேச்சு நடக்கும் வீட்டில் இவற்றில் ஒரு வரி போதும், சாதகம் பொருந்தியும் சம்பந்தம் நின்றுபோகும். பதிவறையிலும் மருந்தகத்திலும் இருப்பவர்கள் இதே ஊர்களின் ஆட்கள். ஒருவருக்கொருவர் ஏதோ ஒரு வழியில் சொந்தம். தரகரும் சொந்தம்தான். கடதாசிப் பதிவை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தால் யாருக்கும் தெரியாது. சாதாரணக் கணினி அமைப்பில் பார்த்தது பதிவாகும், ஆனால் நிர்வாகத் திறப்பு வைத்திருப்பவர் அந்த வரியை நீக்கிவிடலாம். பார்த்ததற்கான பதிவு மூன்று நான்கு நிறுவனங்களின் சங்கிலியில் ஏறிவிட்டால் அதை நீக்க ஒருவரால் முடியாது. பார்ப்பதை அது தடுக்காது. பார்த்ததை மறைப்பதைத் தடுக்கிறது. ஊரில் பாதிப் பாதுகாப்பு அதிலேயே கிடைத்துவிடும்.

வடமராட்சியில் பிளொக்செயினுக்கு இடமுண்டு என்று சொல்ல இன்னொரு நியாயம் நிர்வாக அமைப்பிலிருந்து வருகிறது. மந்திகை வைத்தியசாலை மாகாணச் சுகாதாரத் திணைக்களத்தின் கீழ் உள்ளது. யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலை கொழும்பிலுள்ள சுகாதார அமைச்சின் கீழ் உள்ளது. தனியார் மருத்துவமனைகள் தத்தம் முதலாளிகளின் கீழ். ஒரே நிர்வாகம் என்றால் ஒரு நல்ல தரவுத்தளமும் ஒழுங்கான காப்புப் பிரதியும் போதும். சங்கிலி வீண் செலவு. இங்கே ஒருவரின் தரவுத்தளத்துக்கு மற்றவர் பொறுப்பில்லை, ஒருவரின் பதிவேட்டை மற்றவர் அப்படியே ஏற்கவும் மாட்டார். எவருக்கும் தனிச்சொந்தமாக இல்லாத பொது ஏடு இத்தகைய இடத்துக்குத்தான் பொருந்தும். அது யாரும் சேரக்கூடிய பகிரங்கச் சங்கிலியாக இருக்கத் தேவையில்லை. ஹைப்பர்லெட்ஜர் ஃபப்ரிக் போன்ற, அனுமதி பெற்றவர் மட்டும் சேரும் வகையே மருத்துவத்துக்கு உகந்தது. அதில் பிற்கொயின்போல மின்சாரத்தைக் கொட்டும் போட்டிக் கணிப்பும் இல்லை. சங்கிலியின் பிரதியை வைத்திருக்கும் ஒவ்வோர் இடமும் ஒரு கணு. மூன்று கணுக்கள் இருந்தால் ஒன்று நின்றுபோனாலும் வேலை நடக்கும். ஒரு கணு நிற்பதோடு அமையாமல் பொய்யும் சொல்லலாம் என்று பயந்தால் நான்கு வேண்டும். 2022இல் நாளுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு அறிவிக்கப்பட்ட நாட்டில், மின்சாரம் வந்ததும் விட்ட இடத்திலிருந்து கணு தானாகப் பிடித்துக்கொள்ளும் என்பது சின்ன விசயமல்ல. ஆனாலும் கிளினிக் நடக்கும் காலையில் இணையம் இல்லையென்றாலும் பதிவு எழுதப்பட வேண்டும். சங்கிலியில் பின்னேரம் ஏறினால் போதும். இதை முதல் நாளே திட்டத்தில் சேர்க்காத மென்பொருளை மருந்தகத்து வரிசை ஒரு மணித்தியாலத்தில் தோற்கடித்துவிடும்.

நுட்பத்தில் அடிக்கடி நேரும் ஒரு தவறை விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது பாதுகாப்புப் போலவே தோற்றமளிக்கும். நோயாளியின் பெயரைச் சங்கிலியில் எழுதக்கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும். அதனால் தேசிய அடையாள அட்டை இலக்கத்தின் ஹாஷை எழுதுவார்கள். ஹாஷிலிருந்து திரும்ப வழியில்லை, ஆகவே ஆள் மறைந்துவிட்டார் என்பது கணக்கு. இலங்கையின் புதிய அட்டை இலக்கம் 12 இலக்கம்: பிறந்த ஆண்டுக்கு 4, ஆண்டின் எத்தனையாம் நாள் என்பதற்கு 3, தொடர் இலக்கம் 4, சோதனை இலக்கம் 1. பெண் என்றால் நாளோடு 500 கூட்டப்படும். நூறு ஆண்டு, 366 நாள், இரு பால், கடைசி ஐந்து இலக்கத்துக்கு ஒரு இலட்சம் என்று பெருக்கினால் மொத்தமே 732 கோடி சாத்தியங்கள். கேட்கப் பெரிதாக இருக்கும். கணினி விளையாட்டுக்கு வாங்கிய ஒரு கிராபிக்ஸ் அட்டை அத்தனைக்கும் ஹாஷ் போட்டுப் பார்க்கச் சில நிமிடங்கள் போதும். பிறந்தநாள் தெரிந்த அயலவருக்கு அவ்வளவும் வேண்டாம். ஒரு இலட்சம் முயற்சி, கண் மூடித் திறக்குமுன் முடிந்துவிடும். இலக்கத்தோடு ஒரு நீண்ட இரகசியத் திறப்பைச் சேர்த்து ஹாஷ் எடுத்து, அந்தத் திறப்பைச் சங்கிலிக்கு வெளியே பூட்டி வைப்பதே சரியான வழி. எந்தத் திட்டத்தை யார் கொண்டுவந்தாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வியும் இதுதான்.

சம்மதம் அடுத்த சிக்கல். ஏட்டளவில் அது அழகானது: இருதய கிளினிக் மட்டும், மூன்று மாதத்துக்கு, இரத்தப் பரிசோதனைகள் மட்டும் என்று நோயாளி அனுமதி கொடுப்பார்; சங்கிலியில் உள்ள நிரல் அதைத் தானாக நடைமுறைப்படுத்தும்; காலம் முடிந்ததும் வாசல் சாத்திக்கொள்ளும். நடைமுறையில் கிளினிக்குக்கு வரும் எழுபத்தைந்து வயது அம்மாவிடம் திறன்பேசி இல்லை. கூட வரும் மகள்தான் எல்லாம் பேசுவாள். இரகசியத் திறப்பு அம்மாவுடையதா மகளுடையதா? மகளுக்குச் சொல்லவேண்டாம் என்று அம்மா தாதி மிஸ்ஸியின் காதில் சொல்லும் வருத்தங்களும் உண்டு. திறப்புத் தொலைந்தால் பிற்கொயின் போவதுபோலப் பதிவும் போய்விடக்கூடாது; ஆகவே குடும்பத்தில் ஒருவர், வைத்தியசாலை, இன்னொரு பொதுப் பொறுப்பாளர் என்று திறப்பை மூன்று துண்டாகப் பிரித்து, எந்த இரண்டு சேர்ந்தாலும் திறக்கும்படி வைப்பது ஒரு வழி. நினைவிழந்து கொண்டுவரப்பட்டவருக்குச் சம்மதம் கேட்க முடியாது. அவசரச் சிகிச்சைப் பிரிவு டொக்டர் அனுமதியின்றித் திறக்க வேண்டும். திறந்ததும் அந்தச் செய்தி நோயாளிக்கும் மேலதிகாரிக்கும் தானாகப் போக வேண்டும்.

இதற்கிடையே உண்மையான தரவுப் பகிர்வு இன்று வைபரிலும் வாட்ஸ்அப்பிலும் நடக்கிறது. கொப்பியின் பக்கத்தைப் படமெடுத்துக் கனடாவிலுள்ள மகனுக்கு அனுப்புவார்கள். மகன் அதைத் தெரிந்த டொக்டர் ஒருவருக்கு அனுப்புவார். இடையில் ஒரு குடும்பக் குழுமத்திலும் அது விழும். பதினைந்து தொலைபேசிகளில் அம்மாவின் சுகர் கணக்கு இருக்கும். இதைத் தவறு என்று ஒதுக்குவது சுலபம். அதிலே வேகமும் அன்பும் இருக்கின்றன. புதிய அமைப்பு இதைவிட மெதுவாக இருந்தால் சனம் அதைத் தொடாது.

சட்டம் 2022இல் வந்தது. அந்த ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் சுகாதாரத் தரவை விசேட வகையாக வைக்கிறது; பகுதி பகுதியாகவே நடைமுறைக்கு வருகிறது. பிழையான தரவைத் திருத்தவும், சில நிலைமைகளில் அழிக்கவும் கேட்கும் உரிமை அதில் உண்டு. அழியாத சங்கிலியும் அழிக்கச் சொல்லும் சட்டமும் எப்படி ஒத்துப்போகும்? திருத்தம் பி.எச்.ரி.யில் கோடு கீறுவது போலவே நடக்கும்: புதிய வரி சேரும், பழையது காரணத்தோடு நிற்கும். அழிப்புக்கு, சேவையகத்திலுள்ள பதிவை நீக்கி, அதை வாசிக்கும் திறப்பையும் அழித்துவிட வேண்டும். சங்கிலியில் மிஞ்சும் ஹாஷ் எதையும் சுட்டாத வெறுங்குறியாகிவிடும். மேலே சொன்ன அடையாள அட்டைத் தவறைச் செய்திருந்தால் இந்தத் தப்பும் வழி கிடையாது.

பிளொக்செயின் காக்காதவற்றையும் தெரிந்திருக்க வேண்டும். 2018இல் சிங்கப்பூரின் சிங்ஹெல்த் அமைப்பிலிருந்து 15 இலட்சம் பேரின் விபரம் திருடப்பட்டது. அப்போதைய பிரதமர் லீ சியன் லூங்கின் மருந்து விபரமும் அதில் இருந்தது. 2020இல் பின்லாந்தில் வஸ்தாமோ என்ற உளவளச் சிகிச்சை நிறுவனத்தின் நோயாளர்களுக்கு, அவர்கள் அறைக்குள் அழுது சொன்னதை வெளியிடுவோம் என்று கப்பம் கேட்டு மின்னஞ்சல் வந்தது. இரண்டிலும் தரவு வாசிக்கப்பட்டது, மாற்றப்படவில்லை. ஹாஷ் அங்கே செய்வதற்கு ஒன்றுமில்லை. பலமான மறையாக்கமும் சேவையகத்தை ஒழுங்காகப் பராமரிப்பதும்தான் காப்பு. தரவு அழிந்துபோவதற்கும் ஹாஷ் மருந்தல்ல. இலங்கையில் 2021இல் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் தரவுகள் அரச மேகக்கணிமையிலிருந்து அழிந்தன. 2023இல் அரச மின்னஞ்சல் சேவை தாக்கப்பட்டபோது மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் காப்புப் பிரதி இல்லாமையால் போயின. தொலைந்த கோப்பின் ஹாஷ், அது இருந்தது என்பதற்குச் சாட்சி. கோப்பைத் திருப்பித் தராது.

எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்பது ஆளை அடையாளம் காண்பது. இலங்கையில் அரச வைத்தியசாலைகளின் கணினி அமைப்புகள் 11 இலக்கத் தனிநபர் சுகாதார இலக்கத்தை வழங்குகின்றன. ஆளுக்கு ஒன்றுதான் இருக்க வேண்டும். கரவெட்டிப் பெண் ஒருவரை எடுத்துக்கொண்டால், கலியாணத்துக்கு முன் தகப்பன் பெயரோடு ஒரு பதிவு, பின் கணவன் பெயரோடு ஒரு பதிவு, ஆங்கில எழுத்துக்கூட்டல் மாறியதால் மூன்றாவது பதிவு. இடப்பெயர்வில் பிறப்புச் சான்றிதழ் தொலைந்து உத்தேச வயதுச் சான்றிதழ் எடுத்தவருக்குப் பிறந்த திகதியும் இரண்டு இருக்கும். ஒருவர் மூவராக எழுதப்பட்டால் சங்கிலி அந்த மூவரையும் அழியாமல் காத்துக்கொடுக்கும். மற்றவர் கொப்பியில் தவறி எழுதிய பெனிசிலின் ஒவ்வாமையையும் அப்படியே. பதிவறை ஊழியர் ஒருவர் வரிசையில் நிற்பவரிடம் பழைய கொப்பி இருக்கிறதா, முந்தி எந்தப் பெயரில் வந்தீர்கள் என்று நின்று கேட்கும் அரை நிமிடத்தை எந்த மென்பொருளும் இதுவரை பதிலீடு செய்யவில்லை.

சில தேவைகளுக்குச் சங்கிலியே வேண்டாம். 2021இல் இலங்கை வெளிநாட்டுப் பயணத்துக்குக் கொடுத்த கொவிட் தடுப்பூசிச் சான்றிதழ், இந்தியாவில் உருவான டிவோக் என்ற திறந்தமூல மென்பொருளைக் கொண்டு கியூஆர் குறியோடு வந்தது. அதில் இருந்தது இலத்திரனியல் கையொப்பம். விமான நிலையத்தில் ஸ்கான் செய்தால் அது அரசு கொடுத்ததா, இடையில் மாறியதா என்று தெரிந்துவிடும். வைத்தியசாலையை விட்டுப் போகும்போது கொடுக்கும் சுருக்கக் குறிப்புக்கும் ஆய்வுகூட முடிவுக்கும் இதுவே போதுமானது. தமிழ்நாடு 2020இல் பிளொக்செயின் கொள்கை ஒன்றை வெளியிட்டு, நம்பிக்கை இணையம் என்ற பெயரில் அரசுச் சான்றிதழ்களுக்கு அதைப் பயன்படுத்துகிறது. சான்றிதழ் வருடத்துக்கு ஒருமுறை கேட்கப்படும் பொருள். மருத்துவப் பதிவு மாதந்தோறும் வளர்வது. ஒன்றில் வென்றது மற்றதில் வெல்லும் என்று எடுத்துக்கொள்ளக்கூடாது.

இலங்கையில் இதற்கு ஆளில்லை என்ற பேச்சும் சரியல்ல. கொழும்புப் பல்கலைக்கழகப் பட்டப்பின் மருத்துவ நிறுவகம் 2009 முதல் டொக்டர்களுக்கு மருத்துவத் தகவலியல் படிப்பிக்கிறது. 2020 ஜனவரியில், கொவிட் இன்னும் உலகத்துக்கே புதிதாக இருந்தபோது, விமான நிலையத்தில் வருபவர்களைக் கண்காணிக்க டி.எச்.ஐ.எஸ்.-2 என்ற இலவச மென்பொருளில் ஓர் அமைப்பை இலங்கைக் குழு செய்தது. அதைப் பின்னர் பல நாடுகள் எடுத்துக்கொண்டன. குறைவது ஆளல்ல, வரிசை. முதலில் ஆளுக்கு ஒரே இலக்கம். அதன்பின் மறையாக்கமும் காப்புப் பிரதியும். அதன்பின், பதிவு திறக்கப்படும் ஒவ்வொரு தடவையையும் எழுதும் பார்வைப் பதிவு. நான்காவதாக, அந்தப் பார்வைப் பதிவையும் சம்மதங்களையும் மட்டும் மாகாணம், அமைச்சு, போதனா வைத்தியசாலை ஆகியவை பகிரும் சங்கிலியில் ஏற்றுவது. நான்காவதை முதலாவதாக விற்க வருகிறவரிடம் எதுவும் வாங்கக்கூடாது.

அதுவரை கொப்பிதான். வெளிநாட்டுக்குப் படம் அனுப்புகிறவர்கள் பெயரும் கிளினிக் இலக்கமும் உள்ள முன் அட்டையை விட்டுவிட்டு உள்பக்கத்தை மட்டும் எடுங்கள். குழுமத்துக்குப் போடாமல், கேட்டவருக்கு மட்டும் அனுப்புங்கள். கொப்பி முடிந்து புதியது தொடங்கும்போது பழையதை எறிந்துவிடாமல், ஒவ்வாத மருந்தின் பெயரை முதலில் புதியதற்கு மாற்றி எழுதச் சொல்லுங்கள்.